சித்தப்பாவின் மலிவுச் சரக்கு

என் சித்தப்பா தன் துப்பாக்கிக்கு மூன்று பூட்டுப் போட்டு வைத்திருந்தார். வாய்க்குத்தான் ஒன்றுமே கிடையாது. ஊரில் சண்டை மூளும் முன்பே மொன்றியலுக்கு வந்துவிட்ட மனிதர், வெடிச்சத்தத்தைக் காசு கொடுத்துக் கேட்கவேண்டியிருந்தது. லைசென்ஸ் எடுத்து, பழைய ரஷ்ய ராணுவத் துப்பாக்கி ஒன்று வாங்கி, சனிக்கிழமைகளில் சுடும் திடலுக்குப் போய்க் குறி அட்டையைச் சுடுவார்.

எனக்கு ஒன்பது வயதில், துப்பாக்கி ரவை வாங்க என்னையும் கூட்டிப் போனார். பாசமாவது மண்ணாவது! இருபத்தைந்து வருடத்தில் அவருடைய பிரெஞ்சு 'பொன்ஜூர், மெர்சி'யைத் தாண்டவில்லை. நகருக்கு வெளியே இருந்த அந்தக் கடைக்காரருக்கோ ஆங்கிலம் வராது. ராணுவக் கிடங்கில் மிஞ்சிய சரக்கு, புதியதில் பாதி விலை. சுட்ட அன்றே குழலைக் கொதிநீரால் கழுவாவிட்டால் இந்தப் பழைய மருந்து இரும்பைத் தின்றுவிடும் என்று கடைக்காரர் சொன்னதை மொழிபெயர்த்தேன்.

"இந்த விலைக்கு நாளுக்கு ரெண்டுதரம் குளிப்பாட்டலாம்" என்றார் சித்தப்பா.

அந்த வாரம் ஆயுத பூசை. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், சரஸ்வதி படத்தின் முன் அப்பாவின் லொறிச் சாவி, அம்மாவின் கத்தரிக்கோல், என் பள்ளிக்கூடக் கொப்பிகள். சித்தப்பா ரவைப் பொதியோடு வந்து நின்றார்.

"வழக்கு முடியேல்லை, இதை ஏனடா இஞ்சை கொண்டந்தனீ?" என்று அப்பா சீறினார். நாங்கள் மூவரும் அகதிகளாக வந்து ஐந்து வருடம். அம்மா தன் வாழ்நாளில் ஆயுதம் தொட்டதில்லை என்று அகதி மனுவில் எழுதிக் கொடுத்திருந்தார். அதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

"ஆயுத பூசைக்கு ஆயுதம் வேண்டாமோ?" என்று சித்தப்பா உட்கார்ந்துகொண்டார். பத்து ரவை பிடிக்கும் தகரக் கிளிப்பில் அடுக்கிப் படைக்க ஆசை. ஒன்றைச் செருகினால் மற்றது வழுகியது. கற்பூரத்தோடு காத்திருந்த அம்மா, "விடுங்கோ தம்பி, நேரம் போகுது" என்று அதைப் பறித்தார். விளக்குக்கு எண்ணெய் விடும்படி என்னிடம் சொல்லிக்கொண்டே பத்தையும் அடுக்கி முடித்தார். கையைப் பார்க்கவே இல்லை. முடிந்த பிறகுதான் பார்த்தார், முகம் வெளிறிவிட்டது.

"அண்ணி, எங்கை பழகினனீங்கள்?"

"ஒரு இடமும் இல்லை" என்று அம்மா கை கழுவப் போனார்.

மறுநாள் கோயில் சாப்பாட்டுக்கு அம்மா வரவில்லை; சித்தப்பா தொடங்கிவிட்டார். "எங்கட அண்ணியை லேசா நினைச்சுப்போடாதேங்கோ!" ரவை அடுக்கிய கதையை யாரும் நம்பவில்லை. "பிள்ளை, நீ பாத்தனீதானே?" என்று என்னை இழுத்தார். மேசையில் கிடந்த பிளாஸ்டிக் கரண்டிகளை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அம்மா செய்தபடியே செய்து காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டியவர்களில் எந்தப் பாவி மொட்டைக் கடிதம் எழுதினானோ, இன்றுவரை தெரியாது. விசாரணையில் அதை வைத்துக் கேட்டார்கள். பதினாறு வயதில் ஆயுத இயக்கத்தினர் வீட்டுக்கு வந்து தன்னை இழுத்துப் போனதை, எட்டு மாதம் வைத்திருந்ததை, அம்மா அழாமல் சொன்னாராம். எனக்கும் அப்பாவுக்கும் இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. அம்மாவுக்கு இல்லை; ஊருக்குத் திருப்பி அனுப்ப முடிவெடுத்தார்கள்.

"நான் பெருமையாத்தானே சொன்னனான்" என்று சித்தப்பா இன்றைக்கும் சொல்கிறார். இன்றைக்கும் சனிக்கிழமை தவறாமல் சுடப் போகிறார். அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவரை மட்டும் திட்டி நான் தப்பிக்க முடியாது.

அம்மா ஒரு மாதத்தில் வந்துவிடுவார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். விமான நிலையத்தில் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அண்டைக்குக் கோயில்லை செய்து காட்டினது நீயோ?"

"ஓம் அம்மா" என்றேன், துள்ளிக்கொண்டு. "ஒரு பிழையும் விடேல்லை."