புவனா மீது நான் வைத்த குற்றச்சாட்டு

எங்கள் பிளாக்கில் புவனாவை அறியாதவர்கள் இல்லை. ஆனால் அவளைப் பற்றி ஆதாரத்துடன் எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான். அவள் எனக்குப் போனில் தட்டச்சு செய்து அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் திரையோடு படமெடுத்து, ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். மேல்பட்டாம்பாக்கத்தில் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். செய்தித்தாளில் வரும் வழக்குச் செய்திகளைப் படித்தே எழுதப் பழகியதால், ஆதாரமில்லாமல் எதையும் பேசக் கூடாது என்பது என் கொள்கை. அக்கொள்கை எனக்குச் செய்த நன்மையை இனி சொல்கிறேன்.

புவனா கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். திருமணமாகி நெய்வேலிக்கு வந்த வாரமே, இரண்டு தெரு தாண்டி என் வீட்டு கேட்டருகே வந்து நின்று, "யக்கா, இங்க நல்ல கருவாடு எங்க கெடைக்கும்?" என்று கேட்டாள். அவள் கணவர் ஜெயகணேஷும் என் கணவர் மணிமாறனும் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்ட் குழு. டவுன்ஷிப்பில் பெண்களின் நட்பு ஷிஃப்ட் பார்த்தே அமையும். இரண்டு வீட்டு ஆண்களும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போனால்தான் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வர முடியும். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் பகலில் தூங்கும் வீட்டில் குக்கர்கூடப் பயந்துதான் விசிலடிக்கும். ஆகவே ஆண்கள் மதியம் தொடங்கும் இரண்டாம் ஷிஃப்ட் போகும் வாரங்களில், மதியச் சாப்பாடு முடிந்ததும் கேட்டருகே நின்று பேசித் தீர்ப்போம். மற்ற ஷிஃப்ட் வீட்டுப் பெண்களை, கொடியில் காயும் புடவைகளை வைத்துத்தான் எங்களுக்கு அடையாளம் தெரியும்.

பிறகு கிருஷ்ணப்ரியா என்ற இளம்பெண் பிளாக் பெண்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். புடவைகளுக்கெல்லாம் பெயர் கிடைத்தது. முறுக்கு மாவின் பதம், பிள்ளையின் வயிற்றுக்கடுப்பு, பண்ருட்டியில் பலாப்பழ விலை என்று யார் எதைக் கேட்டாலும் புவனா பதில் சொன்னாள். நானும் மகிழ்ந்தேன். மகிழ்ச்சி தெரிவித்து நான் அனுப்பிய செய்தியின் படம் கைவசம் இருக்கிறது.

சில மாதங்களில் அவள் என் வாசலுக்கு வருவது நின்றது. என் செய்திகளுக்கு எழுத்தில் பதில் இல்லை. வந்தவை எல்லாம் வாய்ஸ் மெசேஜ். மணிமாறன் தூங்கும்போது அவற்றை ஒலிக்கவிட முடியாது. அவர் விழித்திருக்கும் வாரங்களில் வேறொரு தடை இருந்தது: படமெடுக்க முடியாத ஒன்றை நான் செய்தியாகவே கருதவில்லை. எனினும் அழிக்கவில்லை. பத்திரமாக வைத்தேன்.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கமலா பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டாள். புவனாவும் கிருஷ்ணப்ரியாவும் வேறு சிலரும் 'மாலை நடை' என்று தனிக் குழு வைத்திருக்கிறார்களாம். அதில் எனக்கு இடமில்லை.

நான் பதறவில்லை. முறைப்படி ஒரு புகார் தயாரித்தேன். ஜெயகணேஷுக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட். எனவே புவனாவுக்கு மதியம் ஓய்வு. ஓய்வு இருந்தும் என்னைக் காண வரவில்லை. எனவே இது திட்டமிட்ட புறக்கணிப்பு. பத்திகளுக்கு எண் இட்டு, படங்களை இணைத்து, "தக்க விளக்கம் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்து, பிளாக் பெண்கள் அனைவரும் உள்ள குழுவில் வெளியிட்டேன்.

ஒருத்தி கும்பிடும் கைகளைப் போட்டாள். இன்னொருத்தி நட்டநடு மதியத்தில் ரோஜாப்பூவுடன் காலை வணக்கம் அனுப்பினாள். கமலா, நாளைக்குத் தண்ணீர் வருமா என்று விசாரித்தாள். கடைசியாக, புவனா குழுவை விட்டு வெளியேறிவிட்டாள் என்ற வரி வந்தது. என் விரல் பழக்கத்தில் அதையும் படமெடுத்தது. எடுத்த பிறகுதான் அந்த வரியை மறுபடி படித்தேன். இந்த ஊரில் எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் சாயங்காலம் அவளே வந்தாள். உள்ளே வரவில்லை.

"அவருக்கு ஷிஃப்ட் மாறி மாசக்கணக்கா ஆச்சுக்கா. வேற மைன்ஸுக்குப் போட்டுட்டாங்க. நீங்க வாசல்ல நிக்கிற நேரம் அவரு தூங்குதாரு. ஒங்ககிட்டதான் மொதல்ல சொன்னேன்."

"எப்ப சொன்ன? எங்கிட்ட ஒண்ணும் இல்லியே."

"வாய்ஸ்ல சொன்னேன். டைப் பண்ணா அழுக வந்துருது, அதான் வாய்ஸ்ல."

வார ஓய்வில் வீட்டிலிருந்த மணிமாறன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "நானுந்தான் சொன்னேன். நீ போனையே நோண்டிகினு இருந்த."

வாய்மொழிச் சாட்சியத்தை நான் ஏற்பதில்லை என்று அவரிடம் சொல்லும் தைரியம் அன்று இல்லை. இரண்டாவது குற்றச்சாட்டுக்குத் தாவினேன். நடைக் குழுவில் என்னை ஏன் சேர்க்கவில்லை?

"சேக்க வேண்டாம்னு நாந்தான்க்கா சொன்னேன்" என்றாள் புவனா. "அங்க எல்லாரும் வீட்டுக் கஷ்டத்தச் சொல்லுவாங்க. நீங்க எடுத்து வச்சுக்கிடுவீங்க. எங்க மாமியாரப் பத்தி நான் என்னிக்கோ எழுதுனத, நாங்க ராசியான பொறவு எங்கிட்டயே எடுத்துக் காட்டுனீங்கல்லா? எனக்கே மறந்துபோயிருந்துச்சு. அன்னிக்கு ஊர்லருந்து வந்திருந்த அவங்க போட்ட சோறு எனக்கு எறங்கல."

இரண்டு குற்றச்சாட்டுகளில் ஒன்று ஐயமற நிரூபணமாயிற்று. என்னை ஒதுக்கியது உண்மை, ஒதுக்கியவளே ஒப்புக்கொண்டாள். இத்தனை தெளிவான வெற்றி எனக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை. கேட்டின் தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அவள் போனதும், துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து, பத்திரமாக வைத்திருந்த வாய்ஸ் மெசேஜ்களில் அவள் குரலைக் கேட்டேன். இடமாற்றம், கிருஷ்ணப்ரியா வீட்டிலும் அதே ஷிஃப்ட் என்பது, தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்பது, இடையில் கீரைக்காரரோடு ஒரு பேரம். ஒவ்வொன்றின் முடிவிலும், "யக்கா, கேட்டுட்டியளா?"

கேட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் அடுத்த நாள் அவள் வீட்டுக்குப் போனேன். முழுவதையுமா என்றாள். கீரை பேரம் உட்பட என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, போனை வீட்டில் வைத்துவிட்டு வருவதானால் நடக்க வரலாம் என்றாள்.

நடக்கப் போனேன். கிருஷ்ணப்ரியா என் கையை ஒருமுறை, இடுப்பை ஒருமுறை பார்த்தாள். போன் இல்லை என்று உறுதியான பிறகே பேச்சு தொடங்கியது. பேசியவற்றை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. நல்ல பேச்சு என்பதை மட்டும் ஆதாரமின்றிச் சொல்கிறேன்.

புவனா பெரிய குழுவுக்குத் திரும்பவில்லை. நடைக் குழுவிலும் என்னைச் சேர்க்கவில்லை. பிரியும்போது, "நாளைக்கு வாறியளா?" என்று மட்டும் கேட்டாள். எழுத்து மூலம் அழைப்பு வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது.

"வரேன்" என்றேன்.