கொடியில் காய்ந்த கொக்கிகள்

மண்ணெண்ணெயில் ஊறிக்கிடந்த இரும்புக் கொக்கிகளின் வாசனையோடுதான் அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் விடிந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் நானும் அப்பாவும் குடியிருந்தோம். அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடத்துப் 'பாண்ட்' அணியில் எனக்குக் கிடைத்தது யாருக்கும் வேண்டாத ஒரு 'சைட் ட்ரம்'. தோல் நன்றாகத்தான் இருந்தது. அதை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளும் திருகாணிகளும் துறைமுகக் காற்றில் துருவேறி, தொட்ட இடமெல்லாம் சீருடையில் கறை ஒட்டியது. "இதோட முன்வரிசையில நிற்க ஏலாது மகள்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை விளையாட்டுப் போட்டி.

அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். அதிகம் கதைக்கமாட்டார், யாரிடமும் அவர் மன்னிப்புக் கேட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துருவைத் தேய்த்தெடுத்து, மொட்டைமாடிக் கொடியில் மெல்லிய கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, வெள்ளிநிற 'ஸ்ப்ரே' அடிக்கத் தொடங்கினார். அசிங்கமாகக் கிடந்தவை கண்முன்னே மீன்குஞ்சுகள்போல மினுங்குவதைப் பார்த்து நான் மயங்கி நின்றபோதுதான் காற்று திரும்பியது.

மற்றக் கொடியில் ஒரு வெள்ளை உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது. கீழ்வீட்டு பௌசியா மாமி தைத்துப் பிழைப்பவர். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளையின் முதல் நன்மை வாங்கும் சடங்குக்காக ஒரு கிழமையாக அதைத் தைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பிள்ளை அதை உடுத்திக்கொண்டு மாதா கோயிலுக்குப் போகவேண்டும். இப்போது அதன் பாவாடைப் பக்கமெல்லாம் வெள்ளிப் புள்ளிகள்.

அப்பா பூச்சைக் கரைக்கும் 'தின்னர்' நனைத்த துணியை எடுத்தார், பிறகு வைத்துவிட்டார். உடுப்பை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னால் போனேன்.

"தங்கச்சி, என்ர கையால உங்கட வேலை பழுதாப் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்க."

மாமி அதை வாங்கி யன்னலோரம் பிடித்துப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. கதிரையில் உட்கார்ந்து ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"வெள்ளிதானே அண்ணன்" என்றார் கடைசியில். "கறுப்பா ஈந்தா என்ன செய்யிற? அப்படி நிக்காம ஊசிக்கு நூல் கோத்துத் தாங்க."

மணிகள் போட்டுவைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தார். புள்ளிக்கு ஒரு வெள்ளை மணி; கீழ்விளிம்பில் நெருக்கமாக, மேலே போகப்போக ஐதாக. பாரந்தூக்கியின் நெம்புகோல் பிடித்துக் காய்த்த விரல்களால், எங்கள் அப்பா பின்னேரம்வரை ஊசிகளுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். மணிகளை நான் பொறுக்கிக் கொடுத்தேன்.

உடுப்பை எடுக்க வந்த தாயிடம் மாமி நடந்ததை மறைக்கவில்லை. அந்தப் பெண் மணிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "இப்படித் தைக்கச் சொல்லியிருக்கலாம் எண்டு இப்பதான் தோணுது" என்றார். அப்பா எழுந்து யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை நான் முன்வரிசையில் நின்று ட்ரம் அடித்தேன். திருகாணி நுனிகளில் பூச்சு உரிந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் எனக்கு இன்றுவரை இனிப்பது அந்த முன்வரிசையல்ல. மாமியின் அறையில் மூன்று பேரும் குனிந்திருந்த பகல்தான்.

இப்போது நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். அந்தக் கட்டடத்தை இடித்து, கண்ணாடி பதித்த உயர்ந்த 'ஃப்ளாட்ஸ்' கட்டிவிட்டார்கள். கொக்கிகள் காய்ந்த மொட்டைமாடியும் இல்லை, அப்பாவும் இல்லை. தெமட்டகொடையில் மகனோடு இருக்கும் பௌசியா மாமியைப் போன பெருநாளன்று பார்க்கப் போனேன். இந்தக் கதையை முழுவதும் சொல்லி, நன்றியும் சொன்னேன். மாமி யோசித்துப் பார்த்தார்.

"அப்படியா மகள்? எனக்கு ஞாபகமே இல்ல" என்றார். "எத்தனையோ உடுப்பு தெச்சேனே."

பிறகு, நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்று மருமகளைக் கூப்பிட்டுக் குறைசொல்லத் தொடங்கினார்.