பொயிலரின் அடியில் ஒரு குழாய்

நான் வந்திருக்கும் இந்தக் குளிர்நாட்டு ஊரான மோர்னிங்சைடில் காலையிலிருந்து தண்ணீர் இல்லை. தெருவில் பெரிய குழாய் உடைந்துவிட்டதாம். நான் சென்னைக்காரன், தண்ணீர் நின்றால் கை தானாக வாளியைத் தேடும். நான் தங்கியிருக்கும் வீட்டின் பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங் பொயிலர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் ஒரு குழாய். கக்கூஸுக்காவது ஆகுமே என்று திறக்கிறேன். மை போல் கறுத்த வெந்நீர் ஆவியோடு பாய்ந்து வாளியை நிரப்புகிறது.

"ஐயோ அண்ணை!" வீட்டுக்காரி ஜெசிந்தா ஓடிவந்து குழாயை மூடுகிறாள். பொயிலரின் அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் கிடக்கிறது. பொயிலரையும் நிறுத்திவிடுகிறாள்.

"பைப்பிலை தண்ணி நிண்டாலும் ஹீட்டிங் ஓடும், அண்ணை. உள்ளுக்கை இருக்கிற தண்ணிதான் வீடு முழுக்கச் சுத்தி வாறது. உதைத் திறந்து விட்டிட்டியளே! தண்ணி குறைஞ்சால் பொயிலரைப் போடக்கூடாது."

"திரும்ப ஊற்றிவிடலாமே?"

"உது என்ன குடமே, வாளியாலை வாக்கிறதுக்கு? பைப்பிலை தண்ணி வந்தால்தான் நிரப்பலாம்."

வெளியே மைனஸ் இருபது. திட்டப்போகிறாள் என்று நிற்கிறேன். மேலே போனவள் கணவரின் தடித்த கோட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுகிறாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.