கிளாஸ்கோவில் இறங்கிய அண்ணன்

கப்பல் ஊழியர் பதிவேடுகளில் கடைசிக் கட்டம் குறிப்புகளுக்கானது. பெரும்பாலும் ‘பயணம் முடிந்து இறங்கினார்’ என்று இருக்கும். சிலருக்குக் ‘கடலில் இறந்தார்’. மிகச் சிலருக்கு மட்டும், சிவப்பு மையில், ‘கப்பலைவிட்டு ஓடினார்’. கொல்கத்தா என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சிவப்பு மைதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் மாற்றலாகி அங்கே போனேன். கணவர் சென்னையில், மகள் கல்லூரி விடுதியில். எனக்கு டாக்குரியாவில் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது சாய்ந்துவிடும். கப்பல் ஊழியர்களைப் பதியும் எங்கள் அலுவலகம் கிதர்பூர் துறைமுகத்துக்கு அருகே, வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். ஹூக்ளியில் நீரேற்றம் வந்தால்தான் மதகு திறந்து கப்பலை உள்ளே விடுவார்கள். பெரிய கப்பல்கள் கடலை ஒட்டிய ஹால்தியா துறைமுகத்தோடு நின்றுவிட்ட காலம் அது. இங்கிருந்து உலகெங்கும் போனவர்களின் பெயர்கள் மட்டும் எங்கள் அலமாரிகளில் இருந்தன. பெரும்பாலும் இன்றைய வங்கதேசத்துச் சில்ஹெட், நவகாளிக்காரர்கள். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் ரேகை.

எங்கள் சூப்பரின்டெண்ட் தமிழர். அப்பா திருநெல்வேலிக்காரர், இவர் பவானிபூரிலேயே பிறந்து, அதே வீட்டில் தனியாக இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. நான் சேர்ந்த அன்று, “தமிழ் பேசி நாளாச்சும்மா. தப்பா வந்தா சொல்லுங்க” என்றார். ஆண்டில் ஒரே ஒரு நாள், மகாளய அமாவாசைக்கு மட்டும் விடுப்பு எடுப்பார். கடலில் இறந்துபோன அண்ணனுக்குத் திதி கொடுக்கப் போகிறார் என்று பியூன்தான் எனக்குச் சொன்னார்.

சில ஆண்டுகள் கழித்து அலுவலகத்தை சால்ட் லேக்குக்கு மாற்ற முடிவாயிற்று. பழைய ஏடுகளைப் பட்டியலிடும் வேலை என்னிடம் வந்தது. அறுபதுகளின் ஏடு ஒன்றில், வங்காளப் பெயர்களுக்கு நடுவே ஒரு தமிழ்ப் பெயர். வீட்டு முகவரி பவானிபூர், எங்கள் சூப்பரின்டெண்டின் வீடு. கடைசிக் கட்டத்தில் சிவப்பு மை. கிளாஸ்கோவில் கப்பலைவிட்டு ஓடினார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. உயிரோடு போன மனிதருக்கு இவர் ஆண்டுதோறும் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறாரே என்று பதைத்தேன். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சின்னப் பெருமையும் இருந்தது, மறைப்பானேன். மறுநாள் ஏட்டை அவர் மேசையில் வைத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை.

“பதினேழாம் பக்கமா?” என்றார்.

நான் நின்றபடியே தலையாட்டினேன்.

“வேலைக்கு வந்த முதல் வாரமே பாத்துட்டேம்மா. லெட்டர் வரலன்னு அம்மா ரெண்டு வருஷமா வாசல்லயே உக்காந்திருந்தா. ஓடிட்டான்னு சொன்னா சாகறவரைக்கும் அங்கயேதான் இருப்பா. புயல்ல போயிட்டான்னு சொன்னேன். ஒரு வாரம் அழுதா. அப்புறம் எந்திரிச்சு சோறாக்கினா.”

“அம்மா போயும் பத்து வருஷமாச்சே சார். இன்னும் ஏன்?”

ஏட்டை என் பக்கம் தள்ளினார். “இந்தத் தடவை நீங்களும் வாங்க” என்றார்.

அந்த மகாளயத்துக்குப் போனேன். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. இடுப்பளவு நீரில் நின்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நீர் விட்டார். அடுத்த பெயர் என்ன என்று புரோகிதர் கேட்டார். அவர் உள்ளங்கையில் இருந்த எள்ளையே பார்த்தார். புரோகிதர் மறுபடி கேட்டார். “ஆர் நேய்” என்றார் வங்காளத்தில், வேறு யாருமில்லை என்று. ஈரத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒருத்தர்கிட்ட உண்மைய சொல்லிட்டேன்ல, அதுக்கப்புறம் அவன் பேரச் சொல்ல வாய் வரலம்மா” என்றார். வேட்டி நுனியைப் பிழிந்தபடி, “வருஷத்துல இந்த ஒரு நாள்தான் அவன்கூட இருந்தேன்.”

நீரேற்றத்தில் ஒரு சரக்குக் கப்பல் மதகை நோக்கி மெல்லப் போயிற்று. அது எந்த நாட்டுக் கொடி என்று கேட்டார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை. கப்பல் மறையும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மகாளயத்தன்று வேலைக்கு வந்துவிட்டார். சால்ட் லேக் அலுவலகத்து ஜன்னலில் நதி கிடையாது. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மாலைவரை ஒரே பக்கத்தில் இருந்தார். உண்மையைச் சொல்கிறேன் என்று நான் அவரிடமிருந்து எதைப் பிடுங்கிவிட்டேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவர் ஓய்வு பெற்றார். நான் சென்னை திரும்பினேன்.

சில ஆண்டுகளுக்குப் பின், என்னை அக்கா என்ற பொருளில் தீதி என்றே கூப்பிடும் பழைய பியூன் தொலைபேசியில் அழைத்தார். சூப்பரின்டெண்ட் போய்விட்டார், பக்கத்து வீட்டுக்காரர்களே எல்லாம் செய்தார்கள் என்றார்.

“தகவல் சொல்லக்கூட ஆளில்ல தீதி. இருந்தது ஒரு அண்ணன். அவரும் கடல்லயே போயிட்டார், பாவம்.”

கிளாஸ்கோ என்ற சொல் என் நாக்குவரை வந்தது.

“ஆமாம்” என்றேன்.