மாற்றி வெச்சேக்கு

செல்வகணேஷுக்குக் கால் சும்மா இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், பக்கத்து மேசைத் தண்ணீரும் சேர்ந்து ஆடும். திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்து, ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்யும் சின்னக் கம்பெனியில் சர்வர் பார்க்கிறான். அந்தச் சனிக்கிழமை ஆட்டம் அதிகம். மனைவி பிரேமா அவர்கள் மென்பொருள் ஓடும் அப்படியொரு நிலையத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை கரு கலைந்துபோனவள். மூன்றாவது தங்குமா என்பது அன்றைய ரத்த ரிப்போர்ட்டில் தெரிந்துவிடும். டாக்டரம்மா ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார், அப்புறம் திங்கட்கிழமைதான்.

மதியம் சீனியர் வினீத் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டார். புது வெர்ஷனுக்குப் புது யூசர் கணக்கு ஒன்று போடச் சொல்லிவிட்டு, "பழய யூசரினெ மாற்றி வெச்சேக்கு, கேட்டோ," என்றார். மலையாளத்தில் அதற்குத் தொடாமல் ஒதுக்கி வை என்று அர்த்தம். நம்ம ஆள் கேட்டது தமிழ்க் காதால். மாற்றி வை என்றால் மாற்றத்தானே வேண்டும்? சர்வருக்குள் அந்த மென்பொருளுக்கென்று அடைத்துக் கொடுத்த தனி அறையான கன்டெய்னருக்குள் போய், பழைய கணக்கின் அடையாள எண்ணை மாற்றி மறுபடி ஓடவிட்டான், புண்ணியவான்.

ஒரு ரிப்போர்ட்டும் திறக்கவில்லை. கோப்புகள் எல்லாம் பழைய எண்ணுக்குச் சொந்தம், புது எண்ணை அங்கே யாருக்குத் தெரியும்? பதற்றத்தில் கன்டெய்னருக்கு வெளியே நின்று சர்வரிலிருந்தே சரிசெய்யப் பார்த்தான். அனுமதி இல்லை என்றது. உரிமையாளர் இடத்தில் பெயர்கூட இல்லை, ஏதோ ஆறு இலக்க எண். அந்தக் கன்டெய்னரின் ஏற்பாடே அப்படி. உள்ளே அவன்தான் எல்லா அதிகாரமும் உள்ள ரூட், வைத்ததுதான் சட்டம். வெளியே வெறும் சாதாரணக் கணக்கு. வீட்டில் புலி, வெளியில் எலி.

எழுந்தான், உட்கார்ந்தான், ஜன்னல்வரை போய் வந்தான். நிலையத்திலிருந்து போன்மேல் போன். எலியாக முட்டிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்த பிறகுதான் உள்ளே நுழைந்து, பழைய எண்ணையே திருப்பி வைத்தான். ஓடியது.

சரியாகிவிட்டதா என்று ஏதாவது ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். வரிசையில் பிரேமாவின் பெயர் இருந்தது. உள்ளே ரூட்டாக இருப்பவனுக்கு எது பூட்டு? விரல் அதன்மேல் போய் நின்றது. அவள் உடம்புச் சேதியை அவளுக்கு முன்னால் தெரிந்துகொள்ள அவனுக்குக் கூசியது. சோதனைக்காக வைத்திருந்த பொய் நோயாளியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

ஐந்து மணி தாண்டிப் பிரேமா கூப்பிட்டாள்.

"ஏங்க, டாக்டரம்மா கார்ல ஏறியாச்சு. லேப்புப் பிள்ளை பேப்பரத் தூக்கிட்டு ஓடிப்போயி காட்டுனா. ரத்தத்துல அளவு கூடியிருக்காம். கரு நல்லபடியா நிக்காம்."

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"எந்த மூதேவியோ கம்ப்யூட்டரக் கெடுத்துப்போட்டானாம். இவ்வளவு நேரம் என்னைய உசுரோட கொன்னுட்டான். வெளங்குவானா அவன்?"

"வையாத பிரேமா," என்றான். "நம்ம பிள்ளைக்கு அப்பன் அவன்தான்."