ஒரு ரின்காரர்

பிரிட்ஜ் கதவை முழங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு தவரத்தினம் குனிந்து தேடுகிறார். ஞாயிறு மதியம், ரூ பெர்தொனே என்ற பிரெஞ்சுத் தெருவில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை. பின்னால் நாங்கள் மூவர் காத்து நிற்கிறோம். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. காசு மேசையில் இருக்கும் கோசலையிடம் குரல் கொடுக்கிறார்: "பிள்ளை, பிரிச்ச பக் ஒண்டும் இல்லையோ?"

ஆறு பியர் ரின்களை, அதாவது டின்களை, பிளாஸ்டிக் உறையில் இறுக்கியதுதான் பக். ஒற்றை ரின் வாங்குகிறவர் புது உறையைக் கிழிக்கக் கூடாது என்பது இவர் கட்சி. ஏற்கெனவே பிரித்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும். வழியில்லாமல் கிழித்தால், ஓரத்து ரின்னை எடுத்துவிட்டு மிச்சத்தை முன்வரிசையில் வைக்க வேண்டும், அடுத்தவர் இன்னொன்றைக் கிழிக்காதபடி. நடுவிலிருந்து உருவிய ஒருவரை நிறுத்தி, "உங்கடை வீட்டிலை பேக்கரிப் பாணையும் நடுவிலையோ பிய்க்கிறனீங்கள்?" என்று கேட்டே விட்டார்.

2010இல் லா சப்பலில் ஓர் அறையில் தவரத்தினத்தோடு ஆறு பேர். எல்லோரும் வன்னியிலிருந்து வந்தவர்கள், எல்லோரும் உணவகங்களில் கோப்பை கழுவியவர்கள். ஞாயிறு ஒரு பக், ஆளுக்கொன்று. பங்கு பிரிப்பது தவரத்தினம். தன்னுடையதைக் கடைசியில் எடுப்பார். "ஏழாவது எண்ட கதையே இல்லை" என்று இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருக்கும், கஷ்டமாகவும் இருக்கும்.

பிறகு ஒருவர் லண்டன், ஒருவர் கனடா, மற்ற மூவரும் கலியாணம் கட்டி சென் தெனிப் பக்கம் போய்விட்டார்கள். பழக்கதோஷத்தில் இவர் அப்போதும் முழுப் பக்கே வாங்கினார், ஆறையும் தானே குடித்தார். திங்கட்கிழமையும் ஞாயிறு மாதிரி ஆனபோது வேலை போனது. "ஆறைக் கொண்டுபோனா ஆறும் முடியும் தம்பி. எனக்கு என்னைத் தெரியும்." எட்டு வருடமாக ஒற்றை ரின்தான்.

அதற்கு அடுத்த ஞாயிறு கோசலை தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இனிப் பக் பிரிக்கேலாது அண்ணை. புது முதலாளி சொல்லிப்போட்டார். முழுசா எடுங்கோ, இல்லாட்டி விடுங்கோ."

அவர் ஒரு பக்கைத் தூக்கினார். கீழே வைத்தார். மறுபடியும் தூக்கினார்.

பக்கைக் கையில் வைத்தபடியே வரிசைப் பக்கம் திரும்பி, "ஒரு ரின்காரர் ஆரும் நிக்கிறியளோ?" என்று கேட்டார்.

நாலு கைகள் உயர்ந்தன. அவரோடு ஐந்து. அவர் கண் என் மேல் வந்து நின்றது. பியர் வாடையே பிடிக்காத நானும் கையைத் தூக்கினேன்.

ஆளுக்கு ஒரு ரின்னின் காசைப் போட்டோம். வாசலில் வைத்து உறையைக் கிழித்தார். ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எங்களுக்கு நீட்டினார். கடைசி ரின்னைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் உறையைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தரம் உதறிப் பார்த்தார்.