செருப்பு விட்ட இடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். எழுதினால், வெளிநாடு போய் வந்த பெருமையைப் பேசுகிறாள் என்பார்களோ என்று ஒரு கூச்சம். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் கதையையே ஒரு அம்மா எனக்குச் சொன்னார்கள். அதில் பாதி நடக்காதது. அதற்கப்புறம்தான் நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

எங்கள் மகளும் மாப்பிள்ளையும் அப்போது ஜப்பானில், டோக்கியோவில் இருந்தார்கள். குளிர் ஆரம்பிக்கிற சமயத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். அவர் வடக்கு வாசல் பக்கம் அரிசிக் கடை வைத்திருந்தவர். காது மந்தம். காதில் வைக்கிற மெஷின் கூட்டத்தில் கீச்சென்று கத்துகிறது என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அந்த ஊரில் அவரிடம் செல்போனும் கிடையாது.

ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய முதல் நாளே, முதலில் கோயில், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று சொல்லிவிட்டார். கூட்டிப் போனார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கும் மேலே பெரிய சிவப்பு விளக்கு தொங்குகிறது. உள்ளே இரண்டு பக்கமும் கடைகள், கடைசியில் சன்னதி. எனக்கு எங்கள் ஊர் ரங்கா ரங்கா கோபுரத்துக்குள் நுழைகிற மாதிரியே இருந்தது. என்ன சாமி என்று கேட்டேன். கருணை செய்கிற தெய்வம் என்றாள் மகள். எனக்கு அது போதும்.

வாசலிலேயே அவர் குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். சாக்ஸையும்தான். அங்கே எல்லோரும் காலில் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

"அப்பா, இங்க யாரும் கழட்ட மாட்டாங்கப்பா. கால் விறைச்சுப் போயிடும்" என்று மகள் கெஞ்சினாள்.

அவங்க வழக்கம் அவங்களுக்கு என்று சொல்லிவிட்டுத் தூணோரமாக வைத்தார். நானும் என்னுடையதை அதற்குப் பக்கத்தில் வைத்தேன். மாப்பிள்ளை எங்களைத் தெரியாதவர் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தரை ஐஸ்கட்டிதான்.

சன்னதிக்கு முன்னால் ஒரு பெரிய பாத்திரத்தில் ஊதுபத்தி கட்டுக்கட்டாகப் புகைகிறது. ஜனங்கள் அந்தப் புகையைக் கையால் அள்ளித் தலையில் விட்டுக்கொள்கிறார்கள், நாம் கற்பூரம் ஒற்றிக்கொள்கிற மாதிரி. அவரும் ஆசையாகப் போனார். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. அது கடந்து முடிந்தபோது அவரைக் காணோம்.

மகள் அப்பா அப்பா என்று கத்தினாள். கத்தி என்ன பிரயோஜனம், மெஷின் பையில் இருக்கிறதே. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நீ அந்தப் பக்கம் போ, நான் பின்பக்கம் போகிறேன், கிடைக்காவிட்டால் போலீஸ் என்று மாப்பிள்ளை பரபரத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"யாரும் தேட வேண்டாம் மாப்பிள்ளை. செருப்பு விட்ட இடத்துக்குப் போவோம்."

"அத்தை, இது டோக்கியோ. ஸ்ரீரங்கம் இல்ல."

"கூட்டம்னா எல்லா ஊர்லயும் கூட்டம்தானே."

விஷயம் இதுதான். கல்யாணம் ஆன வருஷம் வைகுண்ட ஏகாதசிக்கு சொர்க்கவாசல் கூட்டத்தில் நான் தொலைந்துபோனேன். அவர் ஒரு பக்கம் தேட, நான் ஒரு பக்கம் தேட, விடிந்து வெகு நேரம் கழித்துத்தான் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு அவர் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்தார். பிரிந்துவிட்டால் தேடக்கூடாது. செருப்பு விட்ட இடத்தில் வந்து நிற்க வேண்டும். அதற்கப்புறம் எத்தனையோ ஏகாதசி, எத்தனையோ தேர். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இதைச் சொல்லிக்கொண்டே நடந்தபோது மகள் திடீரென்று நின்றுவிட்டாள். தோளில் இருந்த பையைத் திறந்து காட்டினாள். உள்ளே எங்கள் இரண்டு பேர் ஷூவும். வாசலில் கிடந்தால் நன்றாக இருக்காது என்று எங்களுக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருக்கிறாள்.

எங்கள் ஏற்பாட்டில் இன்னொன்றும் உண்டு. அந்த இடத்தில் மற்றவர் செருப்பு இல்லையென்றால், அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். நாங்கள் போய்விட்டோம் என்று நினைத்து அவரும் நடக்க ஆரம்பித்தால்? பாஷை தெரியாது, காது கேட்காது, காலில் ஒன்றும் இல்லை. அந்தக் கடைத்தெரு முழுக்க, ரங்கநாதா, அவரை அங்கேயே நிறுத்தி வை என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

நின்றுகொண்டிருந்தார். அதே தூணோரம். கால்களுக்குக் கீழே ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தது. பக்கத்தில், நம் முறுக்கு மாதிரி அரிசியில் செய்த பலகாரம் விற்கிற கடைக்காரர் போட்டது. அந்த வயதானவர் குனிந்து குனிந்து வணங்குகிறார், இவர் கைகூப்பிக் கைகூப்பி வணங்குகிறார். ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குத் தெரியாது.

என்னைப் பார்த்ததும், எங்கள் ஊர்த் தெற்கு வாசலில் நின்று கேட்கிற மாதிரி சாதாரணமாக, "வந்துட்டியா" என்றார்.

மகள் அவரைக் கட்டிக்கொண்டாள். நான் அவர் சட்டைப் பையிலிருந்து மெஷினை எடுத்து அவர் காதில் வைத்துவிட்டுக் கேட்டேன். என் செருப்பைக் காணோமே, போய்விட்டேன் என்று நினைக்கவில்லையா?

"என்னை விட்டுட்டு நீ எங்க போவ? எவனோ திருடிட்டான்னு நினைச்சேன்."

மாப்பிள்ளை ஜப்பானில் செருப்புத் திருடனா என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குனிந்து தன் ஷூவைக் கழற்றித் தூணோரமாக வைத்தார். மகளும் கழற்றி, பையிலிருந்த எங்கள் ஷூவையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். நான்கு பேரும் வெறுங்காலோடு மறுபடி உள்ளே போய் நிதானமாகச் சேவித்துவிட்டு வந்தோம். வரும்போது நான்கு ஜோடியும் வைத்த இடத்திலேயே இருந்தது.

அன்று சாயங்காலம், எல்லா ரோட்டு ஜனமும் ஒரே நேரத்தில் குறுக்கே கடக்கிற ஒரு இடத்துக்குப் போனோம். தேர்க் கூட்டம் தோற்றது. மாப்பிள்ளை என்னிடம் வந்து, "அத்தை, இங்க தொலைஞ்சா எங்க நிக்கணும்?" என்று கேட்டார். அங்கே ஒரு நாய் சிலை. அதைச் சுற்றி ஜனங்கள் யார் யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றார்கள். சந்திக்க வேண்டுமென்றால் அந்த ஊரில் அதுதான் இடமாம்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை. இவங்களும் நம்மள மாதிரிதான்" என்றேன். அதற்கப்புறம் அன்றைக்கு முழுக்க சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஊர் திரும்பிய பிறகு இந்தக் கதை வாய் வழியாகத் தொட்டியம் போய்ச் சேர்ந்தபோது, அட்டை போட்ட கடைக்காரர் வேஷம் போட்டு வந்த பெருமாளாகிவிட்டார். உப்பிலியபுரத்தில் ஷூவும் தானாக மறைந்து தானாக வந்துவிட்டது. பெருமாள் துணை இருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அட்டை போட்டவர் முறுக்குக் கடைக்காரர்தான், ஷூ என் மகள் பையில்தான் இருந்தது. நீங்கள் யாருக்காவது சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். என் செருப்பைக் காணாதபோதும் நான் வருவேன் என்று நம்பி ஒரு மனுஷர் குளிரில் நின்றார். எனக்கு இன்றைக்கும் பெரிசாகத் தெரிவது அதுதான்.